மூன்றாம் கூப்பாடு

மூன்று நாளாக மழை விடவில்லை. பன்னிரண்டு மணிக்கே தேயிலைக் கொழுந்தை நிறுத்து வாங்கிக்கொண்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரஞ்சிதம் ஈரக் காலைக்கூடத் துடைக்காமல் கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சைக் கான்வாஸ் பையை இழுத்துத் தரையில் கொட்டினாள். அன்று அக்டோபர் முதல் தேதி. மாதம் பிறந்தால் பையைக் கொட்டி அடுக்குவது அவள் வழக்கம். பழைய பிஸ்கோத்தை எடுத்து மகளுக்குத் தேநீரோடு தின்ன வைத்துவிட்டு, புதிதாக வாங்கியதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே வைப்பாள். மைலோ டின்னில் தீப்பெட்டியும் இரண்டு மெழுகுவத்தியும். கோடாலித் தைலம் ஒரு சின்னப் புட்டி. கைலி இரண்டு. உஷாவுக்கு ஒரு கவுன். அது தீபாவளிக்குத் தீபாவளி ஓர் அளவு பெரிதாகும். எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு பிளாஸ்டிக் உறையும் அதன்மேல் மெழுகுத் துணியுமாகச் சுற்றியபடி, அவளுடைய நீல ஐசி என்ற அடையாள அட்டை, உஷாவின் பிறப்புப் பத்திரம், காளியண்ணனோடு நடந்த கல்யாணத்தின் பதிவுத் தாள். யாராவது வந்து நின்று கிளம்பு என்றால், கதவைச் சாத்திக்கொண்டு கிளம்ப அவளுக்கு ஒரு நிமிடம் போதும். பதினோரு வருடமாக அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் குடித்தனம் நடத்தினாள்.

லயத்துக்காரர்கள் அதற்குக் கப்பல் பை என்று பேர் வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் எவளாவது, "கப்பலு எத்தன மணிக்கு அக்கா?" என்று வாயைக் கிண்டுவாள். "ஒன் புருஷன் சாராயக் கடையிலேர்ந்து வர்ற நேரத்துக்கு" என்பாள் ரஞ்சிதம். அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ரிங்லெட்டுக்கு மேலே, மலைச்சரிவில் ஆறு வரிசை லயன் வீடுகளோடு கிடந்த அந்தச் சுங்கை கெலாடித் தோட்டத்தில், அவள் நாக்குக்குப் பயந்தவர்கள் அவள் பையைப் பார்த்துச் சிரித்தவர்களைவிட அதிகம்.

சிரித்தவர்கள் எல்லாரும் இந்த வருடம் பை கட்டவேண்டி வந்தது. மார்ச் மாதம் மேல் ரோட்டில் மண் சரிந்து ஒரு லோரியைப் புதைத்தபோது ஆபிஸுக்கு ஞானம் பிறந்தது. இனிமேல் வீட்டுக்கு ஒரு பை, எப்போதும் தயாராக. பேக்டரிச் சங்கு மூன்று தடவை நீளமாக ஊதினால் எல்லாரும் பேக்டரி மேல்மாடிக்கு, கொழுந்து வாட்டும் இடத்துக்கு, ஓடிவந்து சேரவேண்டும். அங்கே பெரட்டு எடுக்கப்படும். பெரட்டு என்றால் தினமும் காலையில் கணக்கெழுதும் கிராணி புத்தகத்தைப் பார்த்து வேலையாட்களின் பெயரைக் கூப்பிடுவதுதான். அதே புத்தகம், அதே வரிசை. ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுவது. பதில் இல்லாவிட்டால் பென்சிலால் வட்டம் போடுவது. வட்டம் விழுந்தவரைத் தேடக் கயிறோடு நான்கு ஆள். இதையெல்லாம் விளக்கிய சாம்பசிவம் கிராணி, மாதிரிக்கு வேண்டும் என்று ரஞ்சிதத்தின் பையையே வாங்கிக்கொண்டு போய், காலைப் பெரட்டில் அத்தனை பேர் முன்னால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினார். அவளுடைய உள்பாவாடையும் ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. "இப்படித்தான்லா கட்டணும், பாத்துக்கிங்க" என்றார். ரஞ்சிதம் அன்றிலிருந்து கிராணியை மனிதனாகவே மதிக்கவில்லை.

ஏப்ரலில் ஓர் ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியது, எல்லாரும் ஓடினார்கள், பெயர் கூப்பிட்டார்கள், டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கடைசி லயத்தில் இரண்டு வீட்டுக் கதவில் ஆபிஸ் பூட்டு தொங்கியது. சுவரில் விரிசலாம், ஆள் இருக்கக்கூடாதாம். அந்த இரண்டு குடும்பமும் சட்டி பானையோடு கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரனின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. பத்தாவது நாள் அதே வீடுகளில் ஒப்பந்தக் கூலிக்கு வந்த கொந்தராக்கு ஆட்கள் குடியேறினார்கள். விரிசல் அவர்களுக்கு மட்டும் எப்படியோ மூடிக்கொண்டது. அதிலிருந்து பையைக் கட்டி வைத்தவர்கள்கூட, சங்கு ஊதினால் போவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். குழாயடியில் எல்லாருக்கும் கேட்கும்படி சபதம் போட்டவள் நீலாவதி.

"அடுத்த சங்குக்கு எம் பொணந்தான் இந்த வூட்ட விட்டுப் போவும்."

ரஞ்சிதம் அப்போது வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லப்படவில்லை என்றாலும் அவள் காதில் விழுந்தது. நீலாவதி பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். இருமல், அடுப்பூதும் சத்தம், ராத்திரி புரண்டு படுக்கும் சத்தம் எல்லாம் கேட்டபடி, ஒரு வார்த்தை பேசாமல் பதினோரு வருடம் ஓடியிருந்தது.

காரணம் 1970. வேலை பெர்மிட் இல்லாத சிவப்பு ஐசிக்காரர்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் தோட்டம் தோட்டமாக வந்த வருடம். காளியண்ணனுக்குக் குடியுரிமை இல்லை, சிவப்பு ஐசிதான். பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டது என்ன ஆனதென்று தெரியவில்லை. அப்போது கங்காணியாக இருந்தவர் நீலாவதியின் புருஷன் நல்லுசாமி. அவரே ஒரு வழி சொல்லியிருந்தார். அதிகாரி வருகிற அன்றைக்குப் பெர்மிட் இல்லாதவர்கள் தேயிலைக்குள் பதுங்கிவிட வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆள் போய்விட்டான் என்று பெயரை அடித்துவிட்டுப் போவான், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். அன்று காலை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கிராணி வரிசையாகக் கூப்பிட்டு வந்தார். இருபத்தேழு, காளியண்ணன். பெரட்டே மூச்சுவிடாமல் நின்றது. ரஞ்சிதத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது.

"இருக்காரு."

நீலாவதியின் குரல். அதிகாரி நிமிர்ந்தார். இருக்கிறான் என்றால் எங்கே, வரச்சொல் என்றார். சரிவில் போய்த் தேடி, செடிக்கு நடுவே குந்தியிருந்தவனைக் கூட்டிவந்தார்கள். மூன்று மாதத்தில் பினாங்கிலிருந்து கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. உஷாவுக்கு அப்போது மூன்று வயது.

அந்தத் தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது பச்சைத் துரோகமாகத்தான் படும். வழக்கம் என்னவென்றால், பெரட்டுக்கு ஒருத்தர் வந்து சேரப் பிந்தினால், புத்தகத்தில் அவருக்கு முன்னோ பின்னோ உள்ள எண்காரர் குரல் கொடுத்துவிடுவார். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிறவளுக்கு, கூடைக் கயிறு அறுந்து நிற்கிறவனுக்கு, அரை நாள் கூலி போகாமல் காப்பாற்றுகிற குரல் அது. இருபத்தேழு காளியண்ணன், இருபத்தெட்டு ரஞ்சிதம், இருபத்தொன்பது நீலாவதி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே பிந்துவார்கள், இருவருக்கும் சேர்த்து நீலாவதியே சொல்லிவிடுவாள். இதெல்லாம் ரஞ்சிதத்துக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் அவள் அந்த ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு வருடக்கணக்காகச் சோதித்தாள். வேண்டுமென்றே சொன்னாளா? கங்காணி பெண்டாட்டி என்ற கொழுப்பா? குரலில் ஒரு இனிப்பு இருந்ததே, அது என்ன இனிப்பு? கேட்டுக் கேட்டு, கடைசியில் இனிப்பு இருந்தது நிச்சயம் என்று முடிவு செய்தாள்.

ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. முதல் வருடம் இருவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுக்க மறுத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு நாலு அரை நாள் போனது. கிராணிக்குச் சந்தேகம் வந்து முகம் பார்க்க ஆரம்பித்ததும், வரிசையே இரண்டு பேரையும் பிடித்துக் கத்தியது. அப்புறம் வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டே "இருக்கா" என்பாள் ஒருத்தி. நன்றியும் கிடையாது, பார்வையும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் நல்லுசாமி செத்து, நீலாவதி கங்காணி பெண்டாட்டி என்ற பவிசெல்லாம் போய், தனிக்கட்டையாக நின்றபோதும் ரஞ்சிதம் இழவுக்குப் போகவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் மட்டும் இருபத்தொன்பதுக்கு "இருக்கா" சொன்னாள்.

அன்று நாலு மணிக்குச் சங்கு ஊதியது. முதல் நீளம் முடியும்போதே ரஞ்சிதம் அடுக்கி வைத்த பையைத் தூக்கிவிட்டாள். உஷா மத்தியானப் பள்ளிக்கு ரிங்லெட் போயிருந்தாள். ரோடு அடைத்தாலும் அங்கே பத்திரமாக இருப்பாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். கால்வாயில் தண்ணீர் செங்கல் நிறத்தில், தேயிலை வேரையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது. இது ஒத்திகை இல்லை. கதவைப் பூட்டக்கூடாது என்பது ஆபிஸ் விதி. அவள் தன் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். ஆபிஸ் பூட்டுக்கு இடம் வைத்தால்தானே. லயத்துச் சனம் எல்லாம் கத்திக்கொண்டு இறங்கியது. நீலாவதியின் கதவு சாத்தியிருந்தது. கூரைக்கு மேல் அடுப்புப் புகை. ரஞ்சிதம் அந்தப் புகையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நடந்தாள். கதவைத் தட்டுவதற்குக் கை எழக்கூட இல்லை.

பேக்டரி மேல்மாடியில் கொழுந்து வாடுகிற வாசனையும் ஈரத்துணி வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. மின்சாரம் போய்விட்டது. சரோஜா பை கட்டாமல் தையல் மெஷினின் தலையைக் கழற்றித் தூக்கி வந்திருந்தாள். யாரோ ஒருவன் சேவலோடு நின்றான். சாம்பசிவம் கிராணி ஒரு மேசைமேல் ஏறி, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தார். காளியண்ணன் என்ற பெயர் எப்போதோ அடிக்கப்பட்டிருந்தது. இருபத்தாறுக்குப் பிறகு இருபத்தெட்டு.

"ரஞ்சிதம்."

"இருக்கேன்."

"நீலாவதி."

மழை தகரத்தில் அடிக்கிற சத்தம்.

"இருக்கா."

கிராணி டிக் போட்டுவிட்டு முப்பதுக்குப் போனார். ரஞ்சிதம் தன் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். சொன்னது அவள்தான். சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, சொல்லக்கூடாது என்றும் நினைக்கவில்லை. பக்கத்துப் பெயர் தொங்கி நின்றது, வாய் அதைத் தாங்கிவிட்டது. பெயர்கள் ஓடி ஓடி முடிந்தன. "அம்பத்தெட்டு. சரியா இருக்கு. ஒரு ஆளும் பாக்கி இல்ல!" என்று கிராணி கத்தினார். கீழே ஆபிஸ் போனில் மேனேஜருக்கு அம்பத்தெட்டு என்று சொல்லப்பட்டது. கயிறோடு படியில் தயாராக நின்ற நான்கு ஆளும் கயிற்றைத் தரையில் போட்டு, ஈரமில்லாத சிகரெட் யாரிடம் இருக்கிறது என்று தேடினார்கள்.

உடனே சொல்லியிருக்கலாம். ரஞ்சிதம் சொல்லவில்லை. அவளாக இருந்துகொண்டாள், சபதம் போட்டவள்தானே, கிடக்கட்டும் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்தை அவள் தடுக்கவில்லை. பதினோரு வருடமாக அவளை நினைத்துச் சோற்றைப் பிசைந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்று ஆனால் அழப்போவதில்லை என்பது நிச்சயம். ஆனால் காதுக்குள் தன் குரலே மறுபடி மறுபடி கேட்டது. இருக்கா. அதில் இனிப்பு இருந்ததா? கேட்டவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நாளைக்கு மண்ணைத் தோண்டி நீலாவதியை எடுத்தால், பெரட்டில் இருக்கா என்று சொன்ன குரல் யாருடையது என்று அம்பத்தேழு பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு சோதிப்பார்கள். ஒரு சிகரெட் எரிந்து முடிகிற நேரம் நின்றிருப்பாள். பிறகு மேசையடிக்குப் போனாள்.

"கிராணி, நீலாவதி வர்ல."

சாம்பசிவம் டார்ச்சை அவள் முகத்தில் அடித்தார். "நீதானே இருக்கான்னு சொன்ன?"

"சொன்னேன். வர்ல. வூட்டுலதான் இருக்கா."

"வெளையாடறியா நீ? தொரைக்கு அம்பத்தெட்டுன்னு சொல்லியாச்சு. இப்ப போயி அம்பத்தேழுன்னா என்னை என்ன நெனைப்பாரு? ஒங்க ரெண்டு பேரு சண்டைய கொண்டாந்து எம் புக்குல வைக்காதலா."

"புக்க நீயே வச்சிக்க. ஆள அனுப்பு."

கயிறுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி ஒன்றிலிருந்து பெரட்டு எடுத்து, வட்டம் விழுந்தால் போகிறோம் என்றான் ஒருவன். அதுதான் முறை என்றார் கிராணி. அம்பத்தெட்டுப் பெயரைக் கூப்பிட்டு முடிக்கிறவரை மலை காத்திருக்கும்போல. ரஞ்சிதம் பையைத் தோளில் ஏற்றினாள். அதை அங்கே யாரிடமும் விட்டுப்போக அவள் தயாராக இல்லை. அவள் படியில் இறங்கும்போது கிராணி பின்னாலிருந்து, "போனா ஒம் பேருக்கும் வட்டந்தான்!" என்று கத்தினார். அந்த ஆளுடைய அம்மாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் மழைக்குள் நடந்தாள்.

லயத்தில் ஆள் இல்லை. பின்பக்கக் கால்வாய் நிரம்பி வாசல்வரை சேறு வந்திருந்தது. மேலே எங்கோ கல் உருளும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ரஞ்சிதம் நீலாவதியின் கதவை உதைத்தாள். அது அசையவில்லை. உள்ளே பெஞ்சை இழுத்து அண்டை கொடுத்திருக்கிறாள்.

"வெளிய வாடி!"

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது.

"தெரியுதுடி ஒங் கொரலு. கிராணி அனுப்பிச்சானா? ஆளக் கெளப்பிட்டு வூட்டப் பூட்டறதுக்கு அவனுக்கு நீதான் கெடச்சியா?"

"அவனுக்கு நீ இங்க இருக்கறதே தெரியாது. பெரட்டுல ஒம் பேருக்கு இருக்கான்னு சொல்லிட்டேன். ஒருத்தனும் தேடி வரமாட்டான். வெளிய வா."

உள்ளிருந்து காலடி கதவருகே வந்தது.

"ஒன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. வாயி சொல்லிருச்சு."

உள்ளே நீலாவதி சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "இதத்தான்டி அன்னிக்கு ஒன் வாசல்ல நின்னு நான் சொன்னேன். வாயி சொல்லிருச்சு ரஞ்சிதம், வேணும்னு சொல்லலன்னு. ஒரு மணி நேரம் நின்னேன். நீ கதவத் தொறந்தியா? உள்ள குந்திகிட்டு காறித் துப்பின. இப்ப நீ நில்லு."

உண்மைதான். அன்று தன் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் உஷாவை மடியில் போட்டுக்கொண்டு அத்தனையும் அவள் கேட்டாள். ஒன்றைக்கூட நம்பவில்லை. இப்போது நம்பினாள், நம்பியதும் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று. இத்தனை வருடம் சுமந்ததை இந்த மழையில், இந்தச் சேற்றில் நின்றுகொண்டு இவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா? கெஞ்ச அவளுக்கு வராது. நீலாவதி கெஞ்சினாலும் வருகிறவள் இல்லை. கூரைப் பக்கம் ஒரு மரம் முறிந்தது.

ரஞ்சிதம் தன் வீட்டு வாசலுக்குப் போய், இடுப்புச் சாவியை எடுத்துத் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நீலாவதியின் கதவுக் கொண்டியில் அதை மாட்டி, நன்றாகக் கேட்கும்படி இரண்டு தடவை ஆட்டினாள்.

"சரி, உள்ளயே கெட. ஆபிஸ்காரன் போடற பூட்ட நானே போட்டுட்டுப் போறேன். நாளைக்குக் கொந்தராக்கு ஆளுங்க வந்து மண்ண வாரிக் கொட்டிட்டு ஒன் அடுப்புல ஒலை வைப்பானுங்க."

பெஞ்சு தரையில் தேய்கிற சத்தம். தாழ்ப்பாள். பூட்டு ரஞ்சிதத்தின் கையோடு வந்துவிட, கதவு உள்பக்கமாக விரிந்தது. நீலாவதி தலைவிரி கோலமாகப் பாய்ந்து பூட்டைப் பிடித்தாள். "குடுடி! எம் வூட்ட பூட்ட நீ யாருடி!" ரஞ்சிதம் பூட்டை விட்டுவிட்டு அவள் முடியைப் பிடித்தாள். இருவரும் வாசலில் மல்லுக்கு நின்றபோது அடுப்பங்கரைச் சுவர் உள்ளே சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி, கவாத்து வெட்டிய தலையோடு, நின்ற நிலையிலேயே வந்து நின்றது. அதன் பின்னால் சேறு.

நீலாவதி அதைப் பார்த்துவிட்டு உள்ளேதான் திரும்பினாள். ஒரு கையால் அவளை நிறுத்த முடியவில்லை. மற்றக் கையில் பை, தோளிலிருந்து முழங்கைக்கு நழுவி இழுத்தது. எது முதலில் என்று யோசிக்க நேரம் இருந்திருந்தால் ரஞ்சிதம் என்ன செய்திருப்பாளோ. கை பையை விட்டது. இரண்டு கையாலும் நீலாவதியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, வாசல்படியிலிருந்து பாதைக்கு அவளைத் தூக்கி எறிந்தாற்போல இழுத்தாள். இருவரும் விழுந்தார்கள், எழுந்தார்கள், முழங்காலளவு சேற்றில் ஓடினார்கள். குழாயடிக்கு அப்பால் மேட்டில் ஏறித் திரும்பியபோதுதான் அந்தப் பெரிய சத்தம் வந்தது. லயத்தின் அந்தப் பாதி உட்கார்ந்துவிட்டது. இரண்டு வீடும், நடுப் பலகைச் சுவரும், வாசலும் இருந்த இடத்தில் மண்மேடு ஒன்று மெல்ல இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"எம் பையி" என்றாள் ரஞ்சிதம். மூச்சு வாங்கியது. "எம் பையி போச்சு. ஐசி போச்சு. எம் மவ பொறந்த சூராட் போச்சு. எல்லாம் ஒன்னாலதான்டி. மறுபடியும் ஒன்னாலதான்."

நீலாவதி பூட்டைக் கையிலிருந்து விடாமல் மண்மேட்டையே பார்த்தபடி நின்றாள். ரஞ்சிதம் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "வந்தா வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின் பின்னால் சேறு மிதிபடும் சத்தம் கேட்டது. பேக்டரி வரை இருவரும் அப்படியே வந்தார்கள்.

மண் விழுந்த சத்தத்துக்கு எல்லாரும் சன்னலுக்கு ஓடிவிட்டதால், கிராணி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார். இவர்கள் படியேறி மேல்மாடி வாசலில் நின்றபோது இருபத்தைந்தோ இருபத்தாறோ ஓடியது. உள்ளே நல்ல இருட்டு. எல்லா முகமும் மேசைமேல் இருந்த டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. சாம்பசிவத்தின் குரல் இப்போது முன்போல அதட்டலாக இல்லை.

"ரஞ்சிதம்."

ரஞ்சிதத்துக்கு ஓடிவந்த இளைப்பில் குரல் வரவில்லை. பின்னாலிருந்து, தோளை ஒட்டி, மழையில் நடுங்குகிற ஒரு வாய் தானாகத் திறந்தது.

"இருக்கா."

ரஞ்சிதம் சடாரென்று திரும்பினாள். "வாய மூடுடி. எம் பேருக்கு நானே சொல்லிக்குவேன்." பிறகு இருட்டைப் பார்த்து, தொண்டை கிழிய, "இருக்கேன்!" என்றாள். அந்தப் பெயரைத் தவிர அவள் கையில் இப்போது வேறு ஒன்றும் கிடையாது.

அம்பத்தாறு முகமும் வாசலுக்குத் திரும்பின. கிராணி டார்ச்சைத் தூக்கி அடித்தார். அது ரஞ்சிதத்தின் மேல்தான் விழுந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவள்மேல் விழவில்லை. அவர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்.

"நீலாவதி."

நீலாவதி வாயைத் திறக்கவில்லை. ரஞ்சிதத்தின் பூட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கதவு இல்லாத பூட்டு. கண் எங்கேயோ இருந்தது. இருக்கேன் என்று இங்கே சொல்லிவிட்டால் அங்கே இல்லை என்றாகிவிடும் என்பதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நீலாவதி."

இரண்டாவது தடவை. ரஞ்சிதத்துக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லால் அதைக் கடித்துப் பிடித்தாள். சொல்ல மாட்டேன். செத்தாலும் இனி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். சொல்லுடி, நீயே சொல்லித் தொலைடி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் சாம்பசிவம் பென்சிலை நாக்கில் தொட்டார். அதன் கூர் காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. மேசையடியில் நான்கு ஆளும் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ரஞ்சிதத்தின் பின்கழுத்தில் நீலாவதியின் மூச்சு சூடாக வந்து போய்க்கொண்டிருந்தது.